வெளிக்குழாய் மீட்டருக்கு எந்தப் பக்கம்

செந்தில்,

போனில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அது முடிவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் பாடம் எழுதினாயா என்று கேட்டாலும் இதே சரிதான் சொல்வாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எதிர்வீட்டுப் பெண், எழுதிக் கொடுங்கள், போனில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். போனில் வந்தால் முதல் பக்கத்தை விரலால் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம் என்று வைத்துவிடுவாய். தபாலில் வந்தால் கவரைக் கிழித்த பாவத்துக்காவது கடைசிவரை படிப்பாய்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று நீ கேட்டாய். நான் சொல்வதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதையே முதலில் இருந்து எழுதுகிறேன். நகராட்சியிலிருந்து வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். குழாய்க்கு மீட்டர் வைக்க இஷ்டமுள்ளவர்கள் வைத்துக்கொள்ளலாம், பிடித்த தண்ணீருக்கு மட்டும் கட்டினால் போதும். வேண்டாதவர்கள் பழையபடி வருஷ வரியைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். என்னிடம் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கிற பாக்கியத்தைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுவிட்டு, எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். "அம்மா, மீட்டர் வச்சுடலாம். இங்கெல்லாம் ஒரு சொட்டு விடாம அளக்குறாங்க. வெளியில இருக்கிற குழாயை மட்டும் எடுத்துடச் சொல்லிட்டேன். ஊர்ல உள்ளவங்க பிடிக்கிற தண்ணிக்கெல்லாம் நாம ஏன் கட்டணும்?" அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உன் குரலைக் கேட்கிற ஆசைக்காகக் கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இது நான் பெற்ற பிள்ளையின் குரல்தானா என்று பார்த்தேன்.

"ஊர்ல உள்ளவங்க" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். அவர்கள் யாரென்று நீ மறந்துபோனால் நான் சொல்கிறேன். நம் தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால் கரையில் இருக்கிற ஏழெட்டு வீடுகள்தான் நம் மதிலுக்கு வெளியே இருக்கிற குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன. அந்தக் காலத்தில் கூலித் தகராறு வந்தபோது பண்ணையை விட்டு விரட்டப்பட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் கரையில் குடிசை போட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். அது புறம்போக்கு. பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் குழாய் இணைப்பும் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு கொடி வந்து பட்டா தருகிறேன் என்கிறது, அடுத்த தேர்தலுக்கு இன்னொரு கொடி வந்து அதையே சொல்கிறது. டிவி கொடுத்தார்கள், மிக்சி கொடுத்தார்கள், மின்விசிறி கொடுத்தார்கள். தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் மட்டும் கொடுக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரையே குடிக்கலாமே என்று கேட்பாய். நீ அங்கே நீச்சல் பழகிய வாய்க்கால் இல்லை அது. ஆற்றில் தண்ணீர் வருகிற மாதங்களில் கொஞ்சம் ஓடும். மற்ற மாதங்களில் நம் தெரு சாக்கடைதான் அதில் ஓடுகிறது. நாம் விட்ட அழுக்கை அவர்கள் மொண்டு குடிக்க வேண்டும் என்கிறாயா?

அந்தக் குழாயை வைத்தது உன் அப்பா. உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ மன்னார்குடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டுக்கு இணைப்பு வந்த வாரமே கரை வீட்டுச் செல்வியின் மாமியார் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். உன் அப்பா பிளம்பரைத் திரும்பக் கூப்பிட்டு மதிலுக்கு வெளியே ஒரு குழாய் போடச் சொன்னார். உள்ளே வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கலாம், அதற்கு இந்தத் தெருவில் அன்றைக்குத் தைரியம் யாருக்கும் இல்லை. அது வேறு கதை. எப்படியோ குழாய் வந்தது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஆயுசு முழுக்க தலையை எண்ணி டிக்கெட் கிழித்த மனுஷன், வீட்டுக்கு வந்தால் எதையும் எண்ண மாட்டார். தோசை எத்தனை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்கூட, "டியூட்டி முடிஞ்சிருச்சு, போ" என்பார். முன்பே ஒரு தடவை மீட்டர் வைக்கட்டுமா என்று நகராட்சியில் கேட்டார்கள். "என் வீட்டு வாசல்ல எவனும் ஸ்டேஜ் போட்டு டிக்கெட் கிழிக்க வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குமேல் பேச்சில்லை.

இப்போது அவரும் இல்லை. அவர் போய் ஐப்பசி வந்தால்தான் ஒரு வருஷம். நீ ஒவ்வொரு தடவையும் "அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரோ அதையே செய்யுங்கம்மா" என்கிறாய். அடுத்த நிமிஷமே அவர் செய்ததைப் பிடுங்கி எறிய ஆள் அனுப்புகிறாய். எனக்குக் கோபம் உன் மேல் மட்டும் இல்லை, அவர் மேலும்தான். எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்ன குழாயை இன்னபடி வை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். எழுப்பப் போனால் கை ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த செய்தி.

அந்த நாளைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை மாதம் சொல்லவில்லை. சொன்னால் குத்திக்காட்டுவது போல இருக்கும் என்று விட்டிருந்தேன். இனிமேல் குத்தினாலும் பரவாயில்லை. நீ விமானம் பிடித்து, திருச்சியில் இறங்கி, கார் வைத்து வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. வந்ததும் உன்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார்கள். அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கை கால் கழுவினார்கள், குடித்தார்கள், பந்தலில் டீ போட்டார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டாயா? முதல் நாளும் குழாயில் தண்ணீர் வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை. எங்கேயோ பைப் உடைந்துவிட்டது என்றார்கள். நம் தொட்டி காலி. மழைக்காலம், வானத்தில் தண்ணீர், வாசலில் தண்ணீர், பிணத்தைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர் இல்லை. உன் சித்தப்பா லாரித் தண்ணீருக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். செல்விதான் வந்தாள். அவள் பின்னால் கரை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வீட்டில் சேர்த்து வைத்திருந்த குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கரைக்க வைத்திருந்த தண்ணீரைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்தாள். "கண்டக்டரண்ணன் குடுத்த தண்ணிதானக்கா, அவருக்கே ஆகட்டும்" என்றாள் செல்வி. நீ தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு நின்றாயே, அது அவர்கள் வீட்டில் மறுநாள் சோறு பொங்க வைத்திருந்த தண்ணீர். இதைத் தெரிந்துகொண்டும் குழாயை எடு என்று சொல்வாயா? சொல், கேட்டுக்கொள்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மீட்டர் மாட்ட ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், சீர்காழிப் பக்கமாம். கான்ட்ராக்டரிடம் வேலை. வந்தவுடன் பையைத் திறந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராக வெளிக்குழாய்க்குப் போய்விட்டான்.

"அதை ஏன்டா தம்பி தொடுற?"

"உங்க சார் எடுக்கச் சொல்லியிருக்காரும்மா. ஆன்லைன்ல போட்டிருக்காரு."

"எங்க சார் சிங்கப்பூர்ல இருக்காரு. குழாய் இங்க இருக்கு. நானும் இங்கதான் இருக்கேன். கையை எடு."

அவன் பயந்துபோய் உனக்குப் போன் போட்டான். நீ பேசியது எனக்கும் கேட்டது, ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தான். அம்மா சம்மதிக்க மாட்டாங்க போல, அட்ஜஸ்ட் பண்ணி ஏதாவது செய்யுங்க தம்பி என்றாய். அட்ஜஸ்ட்! அந்தப் பையனும் உடனே முகம் மலர்ந்து என்னிடம் வந்து தணிந்த குரலில் ஒரு யோசனை சொன்னான்.

"அம்மா, ஒண்ணு செய்யலாம். மெயின் லைன் ரோட்டுலேருந்து வருது பாருங்க. வெளிக்குழாயை மீட்டருக்கு முன்னாடியே விட்டுடறேன். மீட்டரை உள்ள தள்ளி மாட்டிடறேன். வெளியில அவங்க எவ்வளவு புடிச்சாலும் கணக்குலயே வராது. உங்களுக்கும் நஷ்டம் இல்ல, அவங்களுக்கும் தண்ணி. சாருக்கும் திருப்தி."

நீ போனில் "சூப்பர் தம்பி, அதையே பண்ணுங்க" என்றாய். உனக்கு ஒரு பாரம் இறங்கியது. குரலிலேயே தெரிந்தது. அம்மாவின் பிடிவாதமும் தீர்ந்தது, காசும் மிச்சம், கரை வீட்டுக்காரர்களுக்கும் புண்ணியம் பண்ணின மாதிரி ஆயிற்று. நான் வேண்டாம் என்றேன். நீ "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். இந்தக் கிழவிக்கு என்னதான் வேண்டும் என்று உன் பெண்டாட்டி கவிதாவிடம் கேட்டிருப்பாய். அவள் பாவம், என்ன சொல்லியிருப்பாள். எனக்கு என்ன வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். அதற்கு உன் தாத்தாவைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பா ஒரு பண்ணையாரின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியும். அவர் அப்பா காலத்திலிருந்து அதே நிலம்தான். நான் பாவாடை கட்டின வயதில் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குத்தகைக்குச் செய்கிறவர்கள் தாலுகா ஆபீசில் பெயரைப் பதிந்துகொண்டால், அப்புறம் நினைத்தபடி யாரும் நிலத்தை விட்டு இறக்க முடியாது. சிவப்புத் துண்டு போட்டவர்கள் தெருத் தெருவாக வந்து, பதியுங்கள், பதியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். என் அப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பதியவில்லை. பயந்துபோய்ப் பதியாமல் இருந்தவர்கள் உண்டு. இவர் பயத்தினால் இல்லை. பண்ணையார் இவரைக் கூப்பிட்டு, "நமக்குள்ள என்னத்துக்குப்பா பேப்பரு? நீ இருக்கிற வரைக்கும் நீதான் செய்யப் போற" என்று தோளில் கை வைத்துச் சொன்னாராம். எனக்குக் காது குத்தினபோது அவர்தான் தோடு வாங்கிக் கொடுத்தாராம். "அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிடி போய்ப் பதியறது?" என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். டெல்டாவில் இந்தத் தப்பைச் செய்தவர் என் அப்பா மட்டும் இல்லை. ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியே நிலத்தை விட்டவர்கள்.

பண்ணையார் செத்தார். அவர் மகன் மெட்ராசிலிருந்து வந்தான். அவனுக்கு என் அப்பா யாரென்றே தெரியாது. அவன் மேல் தப்பும் சொல்ல முடியாது. நிலத்தை விற்றான். வாங்கினவன் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தான். கதிர் பால் பிடித்து நின்ற நேரம். என் அப்பா தாலுகா ஆபீசுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன் பேரே இங்க இல்லையேய்யா" என்றார். என் அப்பா, "நீங்க வந்து ஊர்ல கேட்டுப் பாருங்க சார், ஊருக்கே தெரியும்" என்றார். ஊருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஊர் வந்து வரப்பில் நின்றது. வாயைத் திறக்கவில்லை. அந்த அறுவடையில் என் அப்பா அதே வயலில் கூலிக்கு அரிவாள் பிடித்தார். பதிந்துவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அந்த ஊரில் சொந்த வரப்பில் நடக்கிறார்கள். நீ சிங்கப்பூரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறாய், அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்காதே. என் அப்பாவுக்குக் குறைந்தது. அவர் அதற்கப்புறம் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

அதனால்தான் அந்தப் பையன் "கணக்குலயே வராது" என்று ஆசையாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன். கணக்கில் வராத தண்ணீர் என்றால் அது திருட்டுத் தண்ணீர். இன்றைக்கு ஆபீசர் நல்லவர், கண்டுகொள்ள மாட்டார். நாளைக்கு வேறொருவர் வருவார். எதிர்சாரியில் எவனாவது பொறாமையில் ஒரு மனு போடுவான். அன்றைக்கு வந்து குழாயைப் பிடுங்கிக்கொண்டு போனால் நான் என்ன சொல்வது? ஊருக்கே தெரியும் சார், இத்தனை வருஷமாகப் பிடிக்கிறார்கள் என்றா? நான் பையனிடம் கேட்டேன்.

"மீட்டருக்கு அப்புறம் ஒரு குழாயை வெளியில விட்டா?"

"அப்புறம்னா அது உங்க வீட்டுத் தண்ணிம்மா. நீங்க குளிப்பீங்க, செடிக்கு ஊத்துவீங்க, யாருக்கு வேணா குடுப்பீங்க. ஒருத்தரும் கேக்க முடியாது. ஆனா எல்லாம் உங்க பில்லுல ஏறுமே!"

"ஏறட்டும்."

"சார் திட்டுவாரும்மா."

"திட்டுறதுக்கு அவருக்கு நேரம் இருந்தா திட்டட்டும். நீ மாட்டு."

"வேணும்னே கணக்குல ஏத்தச் சொல்ற ஆளை நான் இப்பதாம்மா பாக்குறேன். எல்லாரும் எப்படிடா தப்பிக்கலாம்னுதான் கேப்பாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் பெயர் கேட்டான். இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மாற்ற வேண்டும், சார் தன் பெயரைப் போட்டிருக்கிறார் என்றான். என் பெயரைப் போடு என்றேன். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இருப்பவள் நான். உன் பெயரை எடுத்துவிட்டேன் என்று வருத்தப்படாதே. உனக்கு வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, அங்கே குடியிருப்புக் கார்டும் இருக்கிறது. அப்பாவை வைத்து வந்த பென்ஷன் பேப்பரை விட்டால், எனக்கு என் பெயரில் வருகிற முதல் சர்க்கார் கடிதம் இந்தத் தண்ணீர் பில்லாகத்தான் இருக்கப்போகிறது. அதை உன் கம்ப்யூட்டரிலிருந்து கட்டிவிடாதே. குடும்ப பென்ஷன் வருகிறது, நான் கட்டிக்கொள்கிறேன்.

உன் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தண்ணீர் வீணாகிறது என்று கவிதா சொன்னது உண்மை. கரைப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு மருமகள் சண்டையைப் பேசுவார்கள், குடம் நிறைந்து ரோட்டில் ஓடும். அப்பா இருந்தவரை குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டே, "நிறுத்து, நிறுத்து, ஸ்டாப்பிங் வந்துருச்சு" என்று விசில் அடிப்பார். எனக்கு விசில் வராது. நான் கத்துகிறேன். கத்தினால் கேட்க மாட்டேன் என்கிறார்கள். மீட்டர் வந்தாலாவது பார்த்துப் பிடிப்பார்கள் என்று நானும் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்தான். நடந்தது வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. செல்வி குடத்தோடு வந்தாள். குழாய்க்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த அந்தப் பெட்டியைப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள். உள்ளே சின்னச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. அவள் குடத்தைப் பார்க்கவில்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் பாதி ஆனதும் டக்கென்று மூடிவிட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"என்ன செல்வி, பாதியில தூக்குற?"

"போதுங்க்கா."

"உங்க வீட்டுல எப்பலேருந்து பாதிக் குடம் போதும்?"

"இல்லக்கா... சுத்துது. ஒவ்வொரு சுத்தும் உங்க தலையிலதான விழுது."

அவளுக்குப் பின்னால் வந்தவளும் பாதி. அதற்குப் பின்னால் வந்தவள் சொம்பில் பிடித்துக்கொண்டு போனாள். ஒருத்தரும் பேசவில்லை, மருமகள் கதை இல்லை, சிரிப்பில்லை. வந்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள், போனார்கள். குழாயடி துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது, செந்தில். நீ ஒரு பக்கம் குழாயைப் பிடுங்கு என்கிறாய். அந்தப் பையன் ஒளித்து வை என்கிறான். எல்லோரிடமும் சண்டை போட்டு அதைக் கணக்கில் ஏற்றி, என் பெயரில் ஏற்றி, ராஜபாட்டையாகத் திறந்து வைத்தால், இவர்கள் அளந்து பாதிக் குடம் பிடிக்கிறார்கள்! அப்புறம் யாருக்காக நான் இதைச் செய்தேன்?

மீட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அது அந்தப் பையனின் யோசனை மாதிரியேதான் ஆகும் என்று விட்டுவிட்டேன். சாயந்தரம் நானே கரைக்குப் போனேன். நீ கேட்டால் நம்ப மாட்டாய். இத்தனை வருஷத்தில் கல்யாணம், காரியம் தவிர நான் அங்கே போனதில்லை. செல்வி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தா பாரு செல்வி, நான் வெட்டியா மீட்டர் வைக்கல. நீங்க புடிக்கிற தண்ணியை எவனும் நாளைக்குத் திருட்டுன்னு சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கேன். இனிமே குடம் நெறையப் புடிக்கலன்னா, நானே தூக்கிட்டு வந்து உன் வீட்டு வாசல்ல கொட்டிட்டுப் போவேன்."

அவள் சிரிக்கவில்லை. கஞ்சித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் வச்சீங்கக்கா. ஆனா சுத்துறது உங்க பேர்லல்ல சுத்துது. முன்னாடி அது கண்டக்டரண்ணன் குடுக்குறது, கேள்வி கணக்கு இல்ல, கூச்சமும் இல்ல. இப்ப நான் குடிக்கிறதுக்கு நீங்க பில்லு கட்டுறது கண்ணால தெரியுது. எப்படிக்கா முழுக் குடம் புடிக்கிறது?"

அவளே கேட்டாள்.

"ஏங்க்கா, அந்தப் பொட்டி எங்களுக்குத் தருவாங்களா?"

"எந்தப் பொட்டி?"

"மீட்டரு. எங்க பேரு போட்டு. பில்லு வந்தா வரட்டும், கட்டிக்கிறோம். செல்வி, வாய்க்கால் கரை, இன்ன நம்பர்னு ஒரு பேப்பர் வரும்ல? இங்க இருக்கோம்னு ஆவும்ல?"

அப்போதுதான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நீயும் நானும், பில் எவ்வளவு வரும், யார் கட்டுவது, வைக்கலாமா வேண்டாமா என்று இத்தனை நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவள், பில் வந்தால் போதும் என்கிறாள். வைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடத்தில் நம்மை யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. உனக்கும் உறைத்திருக்காது. உன் பிள்ளைக்கு நீ எதைச் சொல்லிக் கொடுக்கிறாயோ இல்லையோ, இதைச் சொல்லிக் கொடு.

பட்டா இல்லாமல் இணைப்பு கொடுக்க மாட்டார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் இருந்தால் கொடுக்கலாம் என்று மீட்டர் மாட்டின பையன் போனில் சொன்னான். ஆபீசர் கையெழுத்து போட்டால் நடக்குமாம், போடாவிட்டால் நடக்காதாம். கொடுப்பார்களோ விரட்டுவார்களோ எனக்குத் தெரியாது. செல்வி கேட்டதற்கு, வா, நான் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கரை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வருகிறார்கள். அவர்களைத் தனியாக அனுப்பினால் வராண்டாவிலேயே உட்கார வைத்து, நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள். நான் வந்தால் மட்டும் சிவப்புக் கம்பளம் விரிப்பார்களா என்று நீ கேட்பாய். விரிக்க மாட்டார்கள். ஆனால் நான் அங்கிருந்து எழுந்து போக மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

இனிமேல் திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் பண்ணாதே, மனு வாங்குகிற நாள். நகராட்சி ஆபீசில் வரிசையில் நிற்பேன். போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தால் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அம்மா